சீட்டு மட்டும் நகர்கிறது

அங்கேரிபாளையம் ரோட்டில் இரவு ஒன்றே முக்கால்.
சாயப்பட்டறை லாரி ஒன்று
பள்ளத்தில் இறங்கி ஏறும் சத்தம்.
சர்வர் அறையில் பதினெட்டு டிகிரி.
துப்பட்டாவைக் காதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

ஒரு பெட்டிக்குள் ஐந்து கணினிகள் குடியிருக்கின்றன,
ஒன்றுக்கும் உடம்பில்லை.
அதில் கணக்குப் பார்ப்பதுதான் இன்றைய நோயாளி.
ஆறு மணிக்குத் தூத்துக்குடி கண்டெய்னர் கிளம்பணும்,
பேக்கிங் லிஸ்ட் பாதிகூட வரவில்லை.

பாவம், அது
தனக்கு ஒரு வட்டு இருப்பதாக நம்புகிறது,
இருபது வருஷத்துப் பழைய மாடல்.
ஒரு நெட்வொர்க் அட்டை இருப்பதாகவும்.
இரண்டும் கிடையாது.
எங்கே, எத்தனை, எழுதவா, படிக்கவா
என்று அது ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல
கீழே இருப்பவன் அதை உறையவைக்கிறான்,
சொன்னதை எட்டிப் பார்க்கிறான்,
இல்லாத வட்டின் குரலில் "ம்" கொட்டுகிறான்,
திரும்ப ஓடவிடுகிறான்.
ஒரு வரி எழுத ஏழெட்டு நிறுத்தம்.
வேலையைவிட
வேஷத்துக்குத்தான் கரண்ட் செலவு.

கதவு திறக்கிறது.
"ஏனுங் மேடம், ஆகுமுங்களா?
டிரைவர் வந்து உக்காந்துட்டானுங்க."
பேக்கிங் சென்னியப்பன்.
குளிர் முகத்தில் அடிக்க, பதிலுக்கு நிற்காமல் மூடிவிட்டார்.

கட்டிங்கிலிருந்து ஓவர்லாக்குக்கு
ஒவ்வொரு பீஸையும் கையில் ஏந்தி
ஒருவன் ஓடிக்கொண்டிருந்தால்
இந்த ஊர் ஒரு பனியனைக்கூடக் கப்பலேற்றியிருக்காது.
பண்டல் ரேக்கிலேயே கிடக்கும்.
எந்த ரேக், எத்தனை பீஸ் என்று சீட்டு மட்டும் போகும்.
ஆணியில் குத்திக் குத்தி வைத்துவிட்டுக்
கடைசியில் ஒரு தட்டு.

அதையேதான் இங்கேயும்.
இருவர் கண்ணுக்கும் தெரிகிற நினைவகத்தில் ஒரு வளையம்,
இருநூற்றைம்பத்தாறு இடம்.
மேலே இருப்பது சீட்டு வைக்கும்,
கீழே இருப்பது எடுக்கும்,
முடிந்ததன் எண்ணை இன்னொரு வளையத்தில் போடும்.
சரக்கு இருந்த இடத்தைவிட்டு அசையாது.
வலைவழி வருவதற்கு
காலி அட்டைப்பெட்டிகளை முன்னாடியே கேட்டில் அடுக்கிவைத்தால்
வருவது நேராக அதிலேயே விழும்.
மும்முரத்தில் இருப்பவன் ஒரு குறி போட்டுவிடுவான்:
இப்போதைக்குத் தட்டாதே,
நானே வந்து பார்க்கிறேன்.

நிபந்தனை ஒன்றுதான்.
தன் வட்டு நிஜமில்லை என்று
அது தெரிந்துகொள்ளணும்.

மாற்றினேன்.
நீலத்திரை.
எழுந்திருக்க வட்டையே காணோமாம்.

"என்னாச்சுங்?"
"டிரைவர் இல்லைங்க."
"கீழதானுங்களே இருக்கான், டீ குடிச்சுட்டு!"

என் அவசரம்தான். யாரைத் திட்ட?
பழைய பொய்யிலேயே அதை எழுப்பி,
பக்கத்தில் ஒரு ஜிபி வெற்று வட்டைப்
புது வகையில் செருகினேன்.
இது யாரென்று அது முழித்தது.
டிரைவரைக் கொடுத்து
ஒறம்பரைக்குச் சொல்வதுபோல் அறிமுகம் சொல்லி
அணைத்து, அப்புறம் பெரிய வட்டையும் மாற்றி

மூன்று பத்து.
எழுந்தது.

விநாடிக்கு நாற்பதாயிரம் நிறுத்தம்
முந்நூறுக்கு இறங்குவதை
கருப்புத் திரையில் பார்த்தபடி நின்றேன்.
கை விறைத்தது தெரியவில்லை.
மாடியில் பிரிண்டர் கரகரத்தது.

அப்போது பார்த்துக் கரண்ட் போனது.
பேட்டரி கீச்சிட்ட அந்த நாலு விநாடி
நான் நினைத்தது ஒன்றைத்தான்:
"எழுதியாச்சு" என்று கீழே இருப்பவன் சொன்னது
வட்டில் எழுதியா,
மனசில் வைத்துக்கொண்டா?
இன்னும் வேகமாகும் என்று
அந்த ஒரு பொத்தானை அமுக்கச் சொல்லாதவர் இல்லை.
அமுக்கவில்லை.
வேஷம் கலைந்த வீட்டில்
அந்தப் பொய் மட்டும் எதற்கு?

ஜெனரேட்டர் உறுமிப் பிடித்தது.

சென்னியப்பன் லிஸ்டை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து
விரல் வைத்து எண்ணினார்,
நானூற்றுப் பன்னிரண்டு பெட்டி.
"என்னத்தங்க மாத்துனீங்க?"
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் படியில் பாதி இறங்கியிருந்தார்,
பண்டலெல்லாம் கீழேயே இருக்க
தாளை மட்டும் எடுத்துக்கொண்டு.